கண்ணில் படாத தில்லை

எங்கள் ஆயாவின் பெயரில் தில்லை உண்டு. அப்பா நடத்திய மளிகைக் கடையின் பெயர்ப்பலகையில் தில்லை உண்டு. என் வகுப்பில் மட்டும் தில்லை என்று தொடங்கும் பெயர் மூன்று பேருக்கு. லாரி நெற்றியில், கல்யாணப் பத்திரிகையில், பூக்கடைப் பலகையில் என்று சிதம்பரத்தில் எங்கே திரும்பினாலும் அந்தச் சொல் இருக்கும். தில்லை என்பது ஒரு செடியின் பெயர் என்று எனக்குத் தெரியவந்தபோது வயது பதினாறு. அந்தச் செடியை முதன்முதலாகப் பார்த்தபோது முப்பத்திரண்டு. நடுவில் இருந்த பதினாறு வருஷமும் நான் அந்த ஊரில்தான் இருந்தேன்.

ஊருக்குப் பெயர் கொடுத்ததே அந்தச் செடி. தில்லை அடர்ந்து கிடந்ததால் தில்லைவனம், அதனால் ஊரும் தில்லை. கோயிலின் தலமரமும் அதுதான். தேவாரம் பாடியவர்கள் இந்த ஊரை அந்தப் பெயரால் அழைத்திருக்கிறார்கள். இன்றைக்கு நான்கு வீதியும் சுற்றி வந்து, குளக்கரையெல்லாம் பார்த்து, வயல் பக்கம் போய் அலைந்தாலும் தானாக முளைத்த ஒரு தில்லை கண்ணில் படாது. நான் அலைந்து பார்த்திருக்கிறேன்.

அப்படி அலைய வைத்தது ஆயா. ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர் திடீரென்று என்னிடம் கேட்டார். "எழுவத்தெட்டு வருஷமா இந்தப் பேரோட இருக்கேன். அந்த மரம் எப்பிடிடா இருக்கும்? பூ பூக்குமா, காய் காய்க்குமா, ஒண்ணும் தெரியல எனக்கு." என்னிடம் பதில் இல்லை. வீட்டில் வேறு யாரிடமும் இல்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் நம்புங்கள்.

பிச்சாவரத்துக்கு நான் அதற்கு முன்பே பத்துத் தடவையாவது போயிருப்பேன். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் போனால் 15 கிலோமீட்டர் சொச்சம். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டின் முகத்துவாரத்துக்கும் நடுவே சின்னச் சின்னத் திட்டுகளும் அவற்றைப் பிரிக்கும் வாய்க்கால்களுமாகப் படர்ந்து கிடக்கும் அலையாத்திக் காடு. வெளியூர் உறவு வந்தால் முதலில் கோயில், அப்புறம் பிச்சாவரம் படகு. துறையில் சீட்டு வாங்கி ஏறினால் சுரபுன்னை மரங்களுக்கு நடுவே கொண்டுபோவார்கள். இரண்டு பக்கமும் வேர்கள் வில்லாக வளைந்து தண்ணீரில் ஊன்றியிருக்கும், மேலே கிளைகள் கைகோத்துக் கூரை போட்டிருக்கும். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் தில்லை அங்கே இல்லை. படகு போகிற இடம் தண்ணீர் ஆழம் உள்ள இடம். தில்லை நிற்பது காட்டின் முதுகுப் பக்கம்.

அதை எனக்குச் சொன்னவர் கிள்ளைப் பக்கத்து இருளர் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர். என்னைவிட இருபது வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு வலை தேவையில்லை. கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, சேற்றிலும் வேர் இடுக்கிலும் இரண்டு கையாலும் துழாவி இறால் பிடிப்பார். ஓலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார், கை இரண்டும் வேலை செய்ய வேண்டுமே. அகப்பட்டதைத் தலையை உயர்த்தாமலே பறிக்குள் போட்டுவிட்டு அடுத்த அடி நகர்வார். அந்தக் காட்டைக் கண்ணால் அல்ல, விரல் நுனியால் தெரிந்துவைத்திருக்கிற மனிதர். "தில்லை பாக்கறதுக்கு எதுக்கு தம்பி படகு? காலைல வா, நடந்தே போவலாம்" என்றார்.

மாசி மாதக் கடைசி. விடிந்து ஒரு மணி நேரம் இருக்கும். ஊரின் கடைசி வீடு, அப்புறம் ஒரு தரிசு, அப்புறம் உப்புப் பூத்த வெளுப்பு மண். அதில் உமரி செம்பச்சையாகப் படர்ந்திருந்தது, மிதித்தால் நீர் கசிந்தது. உமரிக்கு அந்தப் பக்கம் தரை ஒரு முழம் உயர்ந்து மேடாகிறது. அமாவாசை, பௌர்ணமிக்குத்தான் ஓதம், அதாவது கடல் பெருக்கு, அதுவரை ஏறிவரும் என்று அண்ணன் சொன்னார். மற்ற நாளில் மேடு காய்ந்து கிடக்கும், அடியில் மட்டும் ஈரம். அந்த மேட்டில் நின்றது தில்லை.

உண்மையைச் சொல்கிறேன், முதல் பார்வையில் நான் எதிர்பார்த்த கம்பீரம் அதில் இல்லை. ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு இருக்கும். அடியிலிருந்தே பல கிளைகளாகப் பிரிந்த புதர். நல்ல இடம் கிடைத்தால் 15 மீட்டர் வரைக்கும் மரமாக உயரக்கூடியது, பிச்சாவரத்தின் ஓரங்களில் நான் பார்த்தவை எல்லாம் பெருஞ்செடிதான். பட்டை சாம்பல் நிறம், அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள். இலை வெற்றிலையைவிடச் சின்னது, முனை கூராக, எண்ணெய் தடவியது மாதிரி பளபளப்பு.

ஆனால் அன்றைக்கு அந்தப் புதரில் பச்சை இலை பாதிதான். மீதி பாதி சிவப்பு. ஒரே சிவப்பும் அல்ல. மஞ்சள் ஓடிய சிவப்பு, செங்கல் நிறம், தேய்ந்த செம்புப் பாத்திரத்தின் நிறம், காய்ந்த மிளகாய் நிறம் என்று ஒரே கிளையில் நாலைந்து வகை. உதிர்ந்த இலைகள் சாம்பல் சேற்றின்மேல் ஒட்டிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஒற்றைக் கொடுக்கு பெருத்த சிறு நண்டுகள் ஓடி ஓடி வளைக்குள் மறைந்தன. அலையாத்திக் காட்டில் வருஷம் முழுக்கப் பச்சைதான் என்று நினைத்திருந்தவன் நான். அந்தப் பச்சைக் காட்டின் விளிம்பில் இப்படி ஒரு செடி இலை பழுத்து, சிவந்து, கொட்டிவிட்டு நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை.

உப்பை ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமாகச் சமாளிக்கிறது. வெண்கண்டல் இலையின் சுரப்பிகள் வழியாக உப்பை வெளியே தள்ளிவிடும், இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும். சுரபுன்னை வேரிலேயே பெரும்பகுதியை வடிகட்டிவிடும். தில்லை போன்ற சில செடிகள், உள்ளே வந்த உப்பில் ஒரு பங்கை முதிர்ந்த இலைகளில் சேர்த்து அவற்றோடு உதிர்த்துவிடுகின்றன என்று தாவரவியலாளர்கள் சொல்கிறார்கள். சேற்றில் கிடந்த சிவப்பு இலைகளைப் பார்க்கும்போது அதை நினைத்துக்கொள்வேன்.

வேரும் வேறு மாதிரி. வெண்கண்டலுக்குப் பென்சில் நட்டுவைத்தது போல மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும். சுரபுன்னைக்கு ஊன்றுகால்கள். தில்லைக்கு இரண்டும் கிடையாது. அதன் வேர்கள் தரைக்கு மேலேயே பாம்புகள் பின்னிக் கிடப்பது போல ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படரும். வேரின் தோலில் இருக்கும் சின்னத் துளைகளால் காற்றை வாங்கிக்கொள்ளும். அவற்றின்மேல் கால் வைத்துத்தான் நடக்க வேண்டியிருந்தது. அண்ணன் வெறுங்காலோடு சரசரவென்று போனார்.

நான் ஒரு இலையைக் கிள்ளக் கையை நீட்டினேன். "தொடாத!" சத்தம் வந்த வேகத்தில் கையை இழுத்துக்கொண்டேன். அவர் கீழே கிடந்த குச்சியால் ஒரு இலைக்காம்பைத் தட்டினார். ஒடிந்த இடத்தில் ஒரு சொட்டுப் பால் பொங்கி நின்றது. சுத்த வெள்ளை, நல்ல கெட்டி. உருண்டு, கனத்து, கீழே இருந்த இலையில் சொட்டியது. "இது கண்ணுல பட்டா அவ்வளவுதான். அடுப்புக்குக்கூட இத வெட்ட மாட்டோம். பொக பட்டாலே கண்ணு எரியும்."

பாலைப் பார்த்ததும் குடும்பம் புரிந்துவிடும். ஆமணக்குக் குடும்பம். கள்ளி, காட்டாமணக்கு, குப்பைமேனி, மரவள்ளி, கேரளத்து ரப்பர் எல்லாம் இதன் சொந்தக்காரர்கள். எல்லோருக்கும் பால் கிடையாது, ஆமணக்கிலேயே பால் வராது. ஆனால் காய் காட்டிக்கொடுத்துவிடும். ஆமணக்குக் காயை உரித்திருக்கிறவர்களுக்குத் தெரியும், மூன்று அறை, அறைக்கு ஒரு விதை. தில்லைக் காயும் மூன்று புடைப்பாக, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், முற்றினால் மூன்றாகப் பிரியும். கள்ளி வறண்ட பாறையில் நிற்கிறது, ரப்பர் மழைக்காட்டிலிருந்து வந்தது, தில்லை கடல் வந்து போகும் சேற்றில் நிற்கிறது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் இப்படித் திசைக்கொருவராகப் போய்ப் பிழைத்திருப்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் வியப்புதான்.

அண்ணன் அவ்வளவு சொல்லியும் இரண்டாவது தடவை போனபோது எனக்குப் பட்டுவிட்டது. ஆனி மாதம், பூ பார்க்கப் போயிருந்தேன். தில்லையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடியின் பூங்கொத்து விரல் நீளத்துக்கு மஞ்சள் பச்சையாக, அரிசித் திப்பிலி போலத் தொங்கும். பெண் செடியில் அது குட்டையாக இருக்கும். ஆண் செடி முழுக்கத் தேனீ. அந்த ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டே ஒரு கிளையை விலக்கி உள்ளே போனேன். முன்கையில் ஏதோ ஈரமாகப் பட்டது தெரிந்தது. வேர்வை என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அதே கையால் நெற்றியைத் துடைத்தேன்.

முதலில் வலது கண்ணில் ஒரு அரிப்பு. அப்புறம் மிளகாய்ப் பொடி தூவியது போல எரிச்சல். கால் மணி நேரத்தில் இமை வீங்கிக் கண்ணைத் திறக்க முடியவில்லை. அண்ணன் என் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். அவர் வீட்டு அக்கா என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, கண்ணை விரலால் பிரித்து, செம்பு செம்பாக நல்ல தண்ணீர் ஊற்றினார். "கசக்காத, கசக்காத தம்பி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கண் மருத்துவர் பார்த்துவிட்டு, கருவிழியின் மேல்தோல் புண்ணாகியிருக்கிறது, உடனே கழுவியதால் பிழைத்தது என்றார். இரண்டு நாள் அந்தக் கண்ணில் எல்லாமே பனிக்குள் இருப்பது போலத் தெரிந்தது. ஒரு வாரத்தில் சரியானது. யாருக்காவது இப்படி ஆனால் பண்ண வேண்டியது அதுதான். நிறைய நல்ல தண்ணீர், கசக்கக் கூடாது, நேராகக் கண் மருத்துவர். கைவைத்தியம் எதுவும் வேண்டாம்.

கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்த அந்த நாட்களில்தான் தில்லையின் மற்ற ஊர்ப் பெயர்களைத் தேடினேன். மலையாளத்தில் கண்ணாம்பொட்டி. மலாய் மொழியில் குருடைக் குறிக்கும் சொல்லையே இரட்டித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். அறிவியல் பெயர் எக்ஸோகேரியா அகலோச்சா, முதல் சொல்லுக்கு லத்தீனில் கண்ணைக் குருடாக்குவது என்று பொருள். செடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1759இல் வைத்த பெயர். அகலோச்சா என்பது அகில் கட்டைக்கான கிரேக்கச் சொல். இதற்கும் அகிலுக்கும் உறவே கிடையாது, பழைய காலத்துக் குழப்பம் ஒன்று பெயரில் அப்படியே தங்கிவிட்டது.

லின்னேயஸுக்கு முன்பே இந்தச் செடியை விரிவாக எழுதியவர் ரம்ஃபியஸ். இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவில் டச்சு வணிகக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அந்தத் தீவின் செடிகொடிகளை எல்லாம் எழுதிவைக்க வேண்டும் என்று உட்கார்ந்தவருக்கு 1670இல் இரண்டு கண்ணும் போய்விட்டது. செடியால் அல்ல, கண் அழுத்த நோயால். அதற்குப் பிறகும் முப்பது வருஷத்துக்கு மேல், 1702இல் சாகும்வரை, சொல்லச் சொல்லப் பிறரை எழுதவைத்தும் வரையவைத்தும் வேலையைத் தொடர்ந்தார். புத்தகம் அச்சில் வந்தது 1741இல்தான். அதில் குருடாக்கும் மரம் என்ற தலைப்பில் தில்லை இருக்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்துப்போனது.

நம்மிடம் மட்டும் அந்தப் பெயரில் அச்சம் இல்லை. தில்லை. எவ்வளவு மெல்லிய சொல். நம் ஆட்கள் பால் பட்டு அவதிப்படாமலா இருந்திருப்பார்கள்? ஆனாலும் பெயரில் குற்றம் வைக்கவில்லை. கோயிலின் புராணத்தில் ஒரு கதை உண்டு. இந்தத் தில்லை வனத்தில்தான் புலிக்கால் முனிவர் சிவனை வழிபட்டார். வண்டு தொடும் முன்னே பூப் பறிக்க வேண்டும், இருட்டில் மரம் ஏறினால் கால் வழுக்குகிறது என்று புலியின் கால்களையும், அவற்றில் கண்களையும் வேண்டிப் பெற்றாராம். சின்ன வயதில் கேட்டபோது கால் மட்டும்தான் மனதில் பதிந்தது. பாம்பாகப் பின்னிய அந்த வேர்களின்மேல் நடந்து, கண்ணிலும் பால் பட்டு வந்த பிறகு, கண்களை ஏன் கேட்டார் என்பதும் எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. இது என் மனசில் தோன்றியது, புராணத்துக்கு நான் உரை சொல்லவில்லை.

சங்கப் பாடல்களில் தில்லை வருகிற இடங்கள் சில உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் பூக்களின் நீண்ட பட்டியலில் தில்லையும் ஒன்று. நற்றிணை 195ஆம் பாட்டில், கழியில் கொழுத்த மீனைத் தின்ற நீர்நாய்க்குட்டி தில்லைப் புதருக்குள் போய்ப் படுத்துத் தூங்குகிறது. இதை எழுதியவர் அந்த மேட்டைப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். தண்ணீரை ஒட்டியே இருந்தும் தினமும் தண்ணீர் ஏறாத இடம், வயிறு நிரம்பிய பிராணி படுக்க வேறு எங்கே போகும்?

என்னை உலுக்கியது புறநானூறு 252. மாரிப்பித்தியார் பாடியது. ஒருகாலத்தில் பேச்சாலேயே பெண்களைக் கவர்ந்தவன் இப்போது துறவியாகித் தாளி இலை பறித்துக்கொண்டிருக்கிறான். அருவியில் குளித்துக் குளித்து அவன் முடி நிறம் மாறிப்போயிருக்கிறது. "தில்லை அன்ன புல்லென் சடை" என்கிறார். இந்த வரியைக் கல்லூரியில் படித்திருக்கிறேன். தில்லை ஒரு மரம் என்று அடிக்குறிப்பு இருந்தது, அதோடு கடந்துபோனேன். மாசி மாதம் அந்த மேட்டில் நின்ற பிறகுதான் அது என்ன நிறம் என்று தெரிந்தது. தண்ணீரும் வெயிலும் பட்டுப் பட்டுச் செம்பட்டையான முடியின் நிறம், அங்கே என் காலடியில் கிடந்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒருவர் உவமைக்கு எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அந்த நிறம் கேட்பவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. அதே செடியின் பெயரால் அழைக்கப்படும் ஊரில் பிறந்த எனக்கு அடிக்குறிப்பு வேண்டியிருந்தது.

ஏன் இப்படி ஆனது? நான் அண்ணனிடமே கேட்டேன். விறகுக்கு வெட்டுவதில்லை, மாடு ஆடு சீண்டுவதில்லை, தொடவே பயப்படுகிறோம், அப்படியானால் தில்லை எப்படிக் குறைந்தது? அவர் மேட்டைக் காலால் தட்டிக் காட்டினார். "செடிய யாரும் கேக்கல தம்பி. இந்த எடத்தத்தான் கேட்டாங்க."

அதற்குப் பிறகு நான் படித்தது எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு விளக்கம்தான். அலையாத்திக் காட்டில் தண்ணீர் ஓரம் சுரபுன்னைக்கு. நடுவில் வெண்கண்டல். நிலத்தை ஒட்டிய மேடு தில்லைக்கு. மனிதன் நிலத்திலிருந்து வருகிறவன். வீடு கட்ட, வயல் திருத்த, சாலை போட, குளம் வெட்ட அவன் முதலில் கை வைப்பது அந்த மேட்டில்தான். நடுக்காட்டுச் சேற்றில் யாரும் வீடு கட்டுவதில்லை. காட்டை அழிக்காதே என்று சொன்னாலும், இது காடு இல்லையே, ஓரத்துப் புதர்தானே என்று பதில் வரும். படத்தில் பார்க்கிற அலையாத்திக் காடும் அதுதான், தண்ணீரில் கால் ஊன்றிய சுரபுன்னை. முதுகுப் பக்கத்தை யாரும் படம் எடுப்பதில்லை.

1990களில் இந்தக் கடற்கரை முழுக்க இறால் பண்ணைகள் வந்தன. கரையை ஒட்டிய மேட்டைச் சதுரம் சதுரமாக வெட்டி, சுற்றிக் கரை போட்டு உப்புத் தண்ணீரை நிரப்பினார்கள். காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில், கடலோர ஒழுங்காற்று மண்டலத்துக்குள் அப்படிப்பட்ட குளங்கள் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பல குளங்கள் அப்புறமும் இருந்தன, சில கைவிடப்பட்டன.

அதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. ஆங்கிலேயர் காலத்திலிருந்து பல பத்தாண்டுகள், காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து முறைவைத்து மொட்டையடித்து வெட்டினார்கள், விறகுக்கும் கட்டைக்கும். வெட்டினால் திரும்ப முளைக்கும் என்று கணக்கு. ஆனால் நிழல் போன சேறு வெயிலில் காய்ந்து சுருங்கி, தட்டு மாதிரி குழிந்துவிட்டது. ஓதத்தில் ஏறிய தண்ணீர் குழியில் தங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுப்போனது. வருஷா வருஷம் உப்பு ஏறி, கடைசியில் உமரி தவிர எதுவும் முளைக்காத வெளியாகிவிட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து 1990களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மீன் முள்ளைப் போல நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். ஓதத்தோடு தண்ணீர் உள்ளே போய், வடியும்போது உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிடும். கரையோரம் கன்று நட்டார்கள். இன்று பிச்சாவரத்தில் பச்சையாகத் தெரிகிற சில இடங்கள் அப்படி மீண்டவை. பெரிய காரியம், அதை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஆனால் நட்டது பெரும்பாலும் வெண்கண்டல். அதில் தப்பில்லை, அந்த உப்பைத் தாங்கக்கூடியது அதுதான். சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காய் போலத் தொங்கும், எடுத்துச் சேற்றில் குத்தினால் போதும். தில்லையின் விதை மிளகளவு கூட இல்லை. நாற்றங்காலில் முளைக்கவைத்து, வளர்த்து, மேடு பார்த்து நட வேண்டும். காவிரித் தண்ணீர் கடலுக்கு வருவது குறைந்து உப்பு ஏற ஏற, வெண்கண்டலின் கை ஓங்குகிறது, மற்றவை பின்வாங்குகின்றன.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது கடலுக்கும் காட்டுக்கும் நடுவில் மணல்திட்டில் இருந்த ஊர்கள் சிதைந்தன, காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் அவ்வளவு அடிபடவில்லை. காடு எவ்வளவு காத்தது, ஊரின் தூரமும் மேடும் எவ்வளவு காத்தன என்று ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு. அண்ணனிடம் அந்த வாதம் எடுபடாது. அவர் அன்றைக்கு அங்கே இருந்தவர். 2022இல் பிச்சாவரம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, சுமார் 1,479 ஹெக்டேர். செய்தி பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, அந்தக் கோடு மேட்டையும் உள்ளே எடுத்துக்கொண்டதா என்பதுதான்.

வங்காளத்துச் சுந்தரவனத்தில் இதே செடியைக் கெவா என்கிறார்கள், தேனுக்குப் பேர்போனது. வங்கதேசத்துக் குல்னாவில் ஒரு செய்தித்தாள் காகித ஆலை 1959இலிருந்து 2002 வரை அந்த மரத்தைத்தான் கூழாக்கிக்கொண்டிருந்தது. அங்கே செடியையே கேட்டார்கள். இங்கே இடத்தை.

சிதம்பரம் இன்று கடலிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. அப்படியானால் ஊருக்குப் பெயர் வந்த காலத்தில் கழி அங்கே வரைக்கும் வந்து போயிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஓதம் ஏறாத இடத்தில் இப்படி ஒரு வனம் நிலைத்திருக்காது. நாங்கள் தேர் இழுக்கும் வீதியின் அடியில் எங்கேயோ அந்தச் சேறு இருக்கும்.

முதல் தடவை போனபோதே ஆயாவுக்காக ஒரு இலை கொண்டுவந்தேன். செடியிலிருந்து பறித்ததல்ல, தானாக உதிர்ந்து காய்ந்தது, பால் வற்றியது. துணியில் சுற்றி, டைரிக்குள் வைத்து எடுத்துவந்தேன். ஆயா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்துக்காகத் திண்ணைக்கு வந்தார். தொட வேண்டாம் என்று நான் சொல்ல, மடியில் துணியை விரித்து அதன்மேலேயே வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "செவப்பா இருக்குமா! நான் பச்சைன்னே நெனச்சுகிட்டு இருந்தேன்" என்றார். அப்புறம் நான் பார்த்தது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பூ, காய், வேர், நண்டு. பால் சொட்டியதைச் சொன்னபோது, "அதான் யாரும் நெருங்கலையா" என்றார். பழித்துச் சொல்லவில்லை, உடன்பிறந்தவளுக்காகச் சொல்வது போலச் சொன்னார். இரண்டு வருஷம் கழித்து ஆயா போய்விட்டார். இலை அதே டைரியில் இருக்கிறது.

ஒவ்வொரு மாசியிலும் போகிறேன். மேட்டுக்குத் தெற்கே கைவிடப்பட்ட இறால் குளம் ஒன்று இருக்கிறது. ஒரு மழைக்காலத்து வெள்ளத்தில் அதன் கரை இரண்டு ஆள் அகலத்துக்கு உடைந்துபோனது. யாரும் அடைக்கவில்லை. பெரிய ஓதத்துக்கு இப்போது தண்ணீர் உள்ளே போய் வருகிறது. முதல் வருஷம் குளத்துக்குள் உமரி வந்தது. அப்புறம் வெண்கண்டல் கன்றுகள். மூன்றாம் வருஷம், உடைப்பின் உள்சரிவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடியை அண்ணன்தான் முதலில் பார்த்தார். குச்சியால் ஒரு இலையைத் தட்டினார். பால் வந்தது.

போன மாசியில் எண்ணினேன். பதினோரு செடி. கடைசி இரண்டு உடைப்பைத் தாண்டி, குளம் வெட்டியவர்கள் போட்ட கரையின் உச்சியிலேயே நின்றன, அவற்றில் பெரியதில் நாலு இலை சிவந்திருந்தது.